நான் மட்டும் போகாத டான்ஸ் ஹால்

நம் பள்ளிக்கூடத்துத் தோழிகள் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். குடும்பத்தோடு நான்கு நாள் பாண்டிச்சேரி போகிறார்களாம். பதினாறு வயது மகள், அங்கே ராத்திரியில் பாட்டுப் போட்டு ஆடுகிற இடத்துக்கு ஒரே ஒரு தடவை கூட்டிப் போகச் சொல்கிறாளாம். விடலாமா, கூடாதா? அரை மணி நேரத்தில் பதில்கள் குவிந்துவிட்டன. கூடவே கூடாது என்றவர்கள் பாதி. நீயும் கூடப் போய் உட்கார்ந்துகொள் என்றவர்கள் மீதி. நம் காலத்தில் இதெல்லாம் ஏது என்று ஒருத்தி எழுதினாள். நானும் பதில் எழுதினேன். நீளமாகப் போய்விட்டது, அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். அதைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். நம் காலத்திலும் இது இருந்தது. எங்கள் வீட்டிலேயே இருந்தது. அதைக் கெடுத்தவள் நான்.

எண்பதுகளின் கடைசி. ப்ளஸ் டூ முடித்துவிட்டு மரக்காணத்தில் வீட்டோடு இருந்தேன். எனக்குப் பதினேழு. தம்பி ஒரு வயது சின்னவன். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. விடிவதற்கு முன்பே ஆட்களைக் கூட்டிக்கொண்டு பாத்திக்குப் போய்விடுவார். மதியம் திரும்பும்போது முழங்கால் வரை வெள்ளையாகக் காய்ந்திருக்கும். பார்க்க மாவில் நடந்து வந்தவர் மாதிரி இருப்பார். அந்த வெள்ளை வெயிலில் கண்ணைக் கூசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது அழகு.

அந்த ஜூலையில் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கச்சி. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை நம் பக்கம் சொல்தா என்பார்கள் அல்லவா, அவர்தான் எங்கள் மாதா கோயில் தெருவுக்கே சொல்தா. பாரிஸுக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். ஆறு வருடம் கழித்து ஊருக்கு வந்திருந்தார்கள். கூட அவர்களுடைய மகள், பதினாறு வயது. ஆறு வருடத்துக்கு முன்னால் மூக்கு ஒழுகிக்கொண்டு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள் அவள்.

இப்போது அவள் குதிகாலைத்தான் நான் முதலில் பார்த்தேன். ஒரு வெடிப்பு கிடையாது. நம் எல்லோருடைய குதிகாலும் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அவள் வெள்ளை கான்வாஸ் ஷூவைக் கழற்றிவிட்டு எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் நடந்தபோது நான் என் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன். அப்பா அவளை உப்பளத்துக்குக் கூட்டிப் போனார். அவள் ஒரு கைப்பிடி உப்பை அள்ளி, போட்டோ பிலிம் வருகிற குட்டி டப்பாவில் போட்டு மூடினாள். அதைப் பார்த்து அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பதினேழு வருடமாக அந்த உப்பில் நின்ற என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை.

ஆனால் எனக்கு அதிகம் எரிந்தது வேறு ஒன்றில். சாப்பிடும்போது அவள் மாமா தட்டிலிருந்து மீன் துண்டை எடுத்துத் தின்பாள். மாமா பேசிக்கொண்டே இருப்பார், முள்ளை எடுத்துவிட்டு அடுத்த துண்டைத் தட்டின் ஓரத்தில் அவளுக்காகத் தள்ளி வைப்பார். எங்கள் வீட்டில் அப்பா தட்டில் யாரும் கை வைத்து நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்று செய்ய முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மாமா பெரிய முதலியார்சாவடியில் கடலோரமாக ஒரு வீட்டைப் பத்து நாளைக்கு வாடகைக்கு எடுத்தார். எங்களையும் கூப்பிட்டார். விடுமுறைக்கு என்று ஒரு இடத்துக்குப் போய் சும்மா இருப்பது எங்களுக்குப் புதுசு. அம்மா அரிசி, புளி, மிளகாய்த்தூள் என்று அம்மிக்குழவி தவிர எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். உப்பையும் கட்டினாள். அத்தை அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது ஈ.சி.ஆர். கிடையாது. குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் ஆடி ஆடிப் போனது. அப்பாவுக்குப் பத்து நாள் லீவு கிடையாது. சனிக்கிழமை மதியம் வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புவார் என்று ஏற்பாடு.

அங்கிருந்து பாண்டிச்சேரி பக்கம்தான். கடற்கரையை ஒட்டி ஒரு ஓட்டல் இருந்தது. பேர் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே டான்ஸ் நடக்கும், கலர் லைட் போடுவார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள் என்று மாமா விசாரித்து வைத்திருந்தார். அவர்கள் ஊரில் பதினாறு வயதுப் பிள்ளைகளை விடுமுறையில் பெரியவர்களே இப்படிப்பட்ட இடத்துக்குக் கூட்டிப் போய் விடுவார்களாம். திருட்டுத்தனமாகப் போவதைவிட நம் கண் முன்னால் போகட்டும் என்பது மாமாவின் கட்சி. மூன்று பிள்ளைகளையும் கூட்டிப் போகிறேன், வெளியே ஒரு மேசையில் நான் உட்கார்ந்திருப்பேன், பத்து மணிக்குத் திரும்பக் கொண்டு வந்து விடுகிறேன் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடம்கூடச் சொன்னார்.

மூன்று பிள்ளைகள் என்று அவர் சொன்னதை நான் நம்பிவிட்டேன்.

அத்தை மகள் எனக்கும் தம்பிக்கும் ஆடச் சொல்லிக் கொடுத்தாள். பின் அறையில் கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு, அவளுடைய டேப்ரெக்கார்டரைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு. முட்டியை மடக்கு, தோளைத் தளரவிடு, தரையைப் பார்க்காதே என்பாள். தம்பி ஆடுவது பாத்தியில் சேறு மிதிப்பது மாதிரி இருக்கும். எனக்கு வந்துவிட்டது. எப்படி என்று தெரியவில்லை, முதல் நாளே வந்துவிட்டது. அவளே சமையல்கட்டுக்கு ஓடிப்போய், எல்லாரையும்விட நான்தான் நன்றாக ஆடுகிறேன் என்று அத்தையிடம் சொன்னாள். அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

முதல் சனிக்கிழமை மதியம் அப்பா வந்தார். சாப்பாட்டுக்கு அப்புறம் மாமா பேச்சை எடுத்தார். அப்பா ரொம்ப நேரம் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். அம்மா அவரைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. தம்பிக்கு அத்தை மகள் முறைப்பெண். ரெண்டு பேரும் பழகட்டும், நாளைக்கு அத்தையே வாய் திறந்து கேட்பாள், பையன் பிரான்ஸுக்குப் போய்விடுவான், குடும்பம் கரையேறிவிடும். அதனால் அவனை அனுப்புங்கள். ஆனால் என்னை அனுப்பினால், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஒருத்தன் இந்தப் பெண்ணை அந்த ஓட்டலில் பார்த்தேன் என்று சொன்னால் போதும். இவ்வளவையும் அம்மா மெதுவான குரலில், அழுத்தமாகச் சொன்னாள்.

அப்பா வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

"அவன் போவட்டும். நீ வேணாம்."

"நான்தானே பெரியவ?"

"அதனாலதான் வேணாம்."

அத்தை மகள் மாமாவிடம் போய் ஏதோ பிரெஞ்சில் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார். அடுத்தவர் வீட்டுப் பெண் விஷயத்தில் தலையிட முடியாது என்று நினைத்திருப்பார். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் போகவில்லை என்றாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்கு ஒன்று இருந்தது. போய்ட்டு வா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தம்பியின் சட்டையை நான்தான் அயர்ன் பண்ணினேன். அம்மா சொல்லிவிட்டாள், செய்தேன். காலரைத் தேய்க்கும்போது பெட்டியை அப்படியே கொஞ்ச நேரம் வைத்துவிடலாமா என்று நினைத்தேன். வைக்கவில்லை. அத்தை மகள் வெள்ளி மாதிரி மினுங்குகிற ஒரு பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். ஆறரை மணிக்கு மாமா வாடகைக் கார் கொண்டு வந்தார். மூன்று பேரும் ஏறிப் போனார்கள். நான் திரும்பி வந்து அம்மாவோடு உட்கார்ந்து மறுநாளைக்கு வெங்காயம் உரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

அவர்கள் வரும்வரை நான் தூங்கவில்லை. தம்பி என் பாய்க்குப் பக்கத்தில் வந்து படுத்து, இருட்டில் எல்லாவற்றையும் சொன்னான். கூரையிலிருந்து பூசணிக்காய் அளவுக்கு ஒரு கண்ணாடி உருண்டை தொங்குகிறதாம். அது சுற்றும்போது சுவரெல்லாம் ஒளிப் பொட்டு ஓடுமாம். தரையிலிருந்து புகை வருமாம், ஆனால் இருமல் வராதாம். ஒரு வெள்ளைக்காரப் பெண் அவன் கையைப் பிடித்து ஆடச் சொன்னாளாம். அவன் ஆடினதைப் பார்த்துக் கை தட்டினார்களாம். சேறு மிதிக்கிறவனுக்குக் கைதட்டல். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு வரைக்கும் கசந்தது. ஆனாலும் போதும் என்று நான் சொல்லவில்லை. அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த ஹாலில் அவனைவிட எனக்குத்தான் நன்றாக வழி தெரியும் என்கிற அளவுக்குக் கேட்டேன்.

மறுநாள் அவன் சட்டையைத் துவைக்கும்போது அதில் புளித்த நாற்றம் அடித்தது. வாந்தி எடுத்திருக்கிறான். கேட்டேன். பஸ் நாற்றம் என்றான். போனது காரில்.

அதற்கப்புறம் வந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. தம்பியும் அத்தை மகளும் எதையாவது பார்த்துச் சட்டென்று ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள். கடலுக்குப் போவார்கள், நான் தலைவலி என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவள் எனக்கு மறுபடி டேப் போட்டாள். நான் ஆடவில்லை. எதுக்கு என்று கேட்டேன். அவள் டேப்பை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டாவது சனிக்கிழமையும் போவதாக இருந்தது. மதியம் அப்பா வருகிற பஸ்ஸுக்கு நான் தனியாக நடந்து போய் ரோட்டில் நின்றேன். இறங்கியதும் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். புளியமரத்துப் பக்கம் வரும்போது சொன்னேன். அத்தை மகள் அந்த இடத்தில் பீர் குடிக்கிறாள், தம்பிக்கும் ஊற்றிக் கொடுத்தாள், அவன் வாந்தி எடுத்தான்.

அப்பா நின்றார்.

"நீ கண்ணால பாத்தியா?"

"தம்பியே சொன்னாம்பா."

தம்பி சொல்லவில்லை. புளித்த நாற்றம் நிஜம். அவள் கொடுத்தாள் என்பது நானாக வைத்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைக்கவில்லை என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். நினைத்துத்தான் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். தம்பியைப் பார்த்துக் குடிச்சியா என்று கேட்டார். தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தார், கட்டி முடித்த பிறகும் குனிந்தே இருந்தார். யார் குடுத்தது என்று அப்பா கேட்டார். அத்தை மகள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"நான்தான் குடுத்தேன் மாமா."

என் பொய்யை அவள் எடுத்துத் தன் வாயால் உண்மையாக்கிவிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவேளை நான் சொன்னது நிஜமாகவே நடந்துவிட்டதோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்றால் தாங்கியிருப்பேன். யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரிந்துகொண்ட பார்வை, அவ்வளவுதான்.

அப்பா தம்பியை ஒரு அறை அறைந்தார். பிறகு அத்தையிடம் திரும்பினார்.

"உம் பொண்ணு வளந்த ஊரு வேற. அவ எப்டி வேணா இருக்கட்டும். எம் புள்ளைங்கள இனிமே அவகூட விட மாட்டேன்."

"வார்த்தைய விட்டுட்ட அண்ணே," என்றாள் அத்தை. அவள் அழவில்லை. உள்ளே போய் அம்மா கொண்டு வந்த அரிசி, புளி, உப்பு எல்லாவற்றையும் அவளே திரும்ப மூட்டை கட்டிக் கூடத்தில் வைத்தாள். சாயங்கால பஸ்ஸுக்கு நாங்கள் நான்கு பேரும் ரோட்டுக்கு வந்துவிட்டோம்.

பஸ்ஸில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு பிரான்ஸ் போயிற்று. தம்பி வீங்கின கன்னத்தோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். நான் ஜன்னலோரம். காலாப்பட்டு தாண்டுகிற வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இன்றைக்கு அவளும் போகவில்லை, அவனும் போகவில்லை. அந்தக் கண்ணாடி உருண்டை யாருக்கும் இல்லாமல் சுற்றட்டும் என்று இருந்தது. அதற்கப்புறம்தான் தம்பியின் கன்னத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்தை பிறகு மரக்காணம் வரவே இல்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸ் கார்டு வரும். அச்சடித்த வார்த்தைக்குக் கீழே கையெழுத்து மட்டும் இருக்கும். அப்பா அதைப் பார்த்துவிட்டு பீரோ மேல் வைப்பார், பதில் போட மாட்டார். ஒரு வருடம் அதில் அத்தை கையெழுத்து இல்லை. மகள் எழுதியிருந்தாள், அம்மா நவம்பரில் இறந்துவிட்டாள், அடக்கம் ஆகிவிட்டது என்று. அப்பா அன்றைக்கும் பாத்திக்குப் போனார். ஆட்கள் எல்லோரும் திரும்பிய பிறகும் வரப்பில் நின்றுகொண்டிருந்தாராம். தம்பி போய்க் கூட்டி வந்தான்.

நடுவில் எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். என் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை. என் முதல் பிரசவத்துக்கு மரக்காணம் வந்திருந்தபோது ஒரு தடவை. சொன்னால் அப்பா ஒரு கார்டாவது போட்டிருப்பார். நான் சொல்லவில்லை. தம்பி உப்பு லாரி ஓட்டினான், பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினான். அன்றைக்கு வாங்கிய அறையைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

குழுவில் கேட்டவளுக்கு என் பதில் இவ்வளவுதான். விடலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு பேரையும் விடு, இல்லையென்றால் இரண்டு பேரையும் வீட்டில் வை. ஒன்றை அனுப்பிவிட்டு இன்னொன்றை வெங்காயம் உரிக்க உட்கார்த்தி வைக்காதே. அந்த ஹாலில் என்ன நடக்கும் என்று பெரியவர்கள் அவ்வளவு பயந்தார்கள். வெங்காயம் உரித்த இடத்தில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பா போனார். முப்பதாம் நாள் பூசைக்கு அத்தை மகள் வந்தாள். அவளாகவே டிக்கெட் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள், பாதி நரை. பூசை முடிந்து கல்லறைக்குப் போய் பூ வைத்துவிட்டு, நான், அவள், தம்பி மூன்று பேர் மட்டும் மதில் நிழலில் நின்றோம். அப்பா மண்ணுக்குள் இருக்கிறார், இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பது போல எனக்கு வாய் திறந்துகொண்டது. அன்றைக்கு அப்பாவிடம் சொன்னது நான்தான், நீ குடுத்தாய் என்று சொன்னது என் பொய் என்றேன்.

தெரியும் என்றாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற மாதிரி. தம்பி கழுத்தைத் தடவிக்கொண்டான். அவன்தான் சொன்னான்.

"நாங்க உள்ளயே போவலக்கா. கதவுகிட்டயே நிறுத்திட்டாங்க."

பதினெட்டு ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை என்றானாம் வாசலில் நின்றவன். தம்பி காலில் ரப்பர் செருப்பு வேறு. மாமா பாஸ்போர்ட்டைக் காட்டிப் பிரெஞ்சில் சத்தம் போட்டுப் பார்த்தார். நீங்கள் வேண்டுமானால் போங்கள், பிள்ளைகள் கூடாது என்றுவிட்டான். வந்த நாளிலிருந்து ஊரெல்லாம் சொல்லி வைத்தவருக்கு எட்டு மணிக்கே திரும்பி வர முகம் இல்லை. எதிரே கடலைப் பார்த்த மாதிரி ஒரு குட்டைச் சுவர். அதில் இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டு, கடையில் பீர் வாங்கி வந்தார். நீயும் ஆம்பளைதானே என்று தம்பிக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார். அவன் மணலில் வாந்தி எடுத்தான். வீட்டில் போய் உள்ளே போனோம் என்றே சொல்லுங்கள் என்று மாமா கேட்டுக்கொண்டார். கெஞ்சினார் என்றான் தம்பி. அடுத்த சனிக்கிழமையும் போவதாகச் சொல்லிக்கொண்டது அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தானாம். கண்ணாடி உருண்டை, புகை, கை பிடித்த வெள்ளைக்காரப் பெண் எல்லாம் வருகிற வழியில் காரில் அவன் யோசித்தது.

"எங்க அப்பா அவ்ளோ சின்னதாப் போயி நான் பாத்ததில்ல," என்றாள் அத்தை மகள். "உங்க அப்பா கேக்கும்போது அவரு தலையக் குனிஞ்சிட்டாரு. எங்க அம்மா முன்னாடி அவர் மாட்டிக்க வேணாம்னு நான் சொல்லிட்டேன்."

யாருமே போகாத ஒரு ஹாலுக்காக அப்பாவையும் அத்தையையும் நான் பிரித்திருக்கிறேன். இதைக் கேட்டு எனக்கு முதலில் என்ன வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது வரவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குப் பொறாமைதான் வந்தது. அந்தச் சுவரில் இரண்டு பேரும் மூன்று மணி நேரம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து பாட்டு கேட்டிருக்கும். கடல் காற்று அடித்திருக்கும். ஒரு ரகசியத்தை இத்தனை வருடமாக இரண்டு பேருமாக வைத்திருந்திருக்கிறார்கள். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில், அப்பாவின் கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டு, அந்தச் சுவரில் எனக்கு இடம் இல்லாமல் போனதே என்று எரிந்தது.

அவ்வளவு நேரம் என்னதான் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். அவள் தம்பியை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உன்னப் பத்திதான். உங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லிடலாம்னு நான் சொன்னேன். இவன்தான் வேணாம்னுட்டான். நல்லா ஆடுறவள வீட்ல விட்டுட்டு வந்து செவுத்துல உக்காந்திருந்தோம்னு சொன்னா, அக்கா விழுந்து விழுந்து சிரிப்பான்னான்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிரித்திருப்பேன். அந்த இருட்டில் பாயில் படுத்துக்கொண்டு, அம்மா அதட்டுகிற வரைக்கும் சிரித்திருப்பேன். அடுத்த சனிக்கிழமை அப்பா வருகிற பஸ்ஸுக்குத் தனியாகப் போய் நின்றிருக்க மாட்டேன்.